போர் மோட்டாரையும் ஓட்ட வேண்டிய சோலார் பேட்டரி: எந்த இன்வெர்ட்டர், எந்த நிறுவனம்?

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வந்தபோது, எங்கள் கொல்லைத் தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்தன. தெருவில் ஒரு மின்கம்பம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. கரண்ட் திரும்பி வர மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. இருட்டை மெழுகுவத்தியாலும் அரிக்கேன் விளக்காலும் சமாளித்தோம். சமாளிக்க முடியாமற்போனது தண்ணீர்தான். போர்க்குழாயில் தண்ணீர் நிறைந்து கிடக்க, அதை மேலே ஏற்ற வழியில்லாமல், சிறு லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களிடம் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துத் தொட்டியை நிரப்பினோம். வீட்டுக்குச் சோலாரும் பேட்டரியும் வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த வாரங்களில்தான். ஆகவே இந்த மதிப்புரையில் எல்லா நிறுவனங்களையும் ஒரே கேள்வியைக் கொண்டே அளந்திருக்கிறேன்: ஊர் முழுதும் கரண்ட் இல்லாத, வானம் மூடிய ஒரு நாளில், வீட்டின் 1 எச்பி நீர்மூழ்கி மோட்டாரை அது ஓட்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கியதன் விளைவை எங்கள் சித்தப்பா வீட்டில் கண்டோம். பள்ளிக்கரணையில் இருக்கும் அவர் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் தகடுகளைப் போட்டிருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பகுதி வெள்ளத்தில் நின்றபோது பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. மழை விட்டு வெயில் வந்த பிறகும் அவருடைய தகடுகளிலிருந்து ஒரு விளக்குக்குக்கூட மின்சாரம் கிடைக்கவில்லை. சாதனத்தில் பழுது எதுவும் இல்லை. மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்ற உடனே தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. அப்படி நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து. ஐஎஸ் 16169 என்ற இந்தியத் தரநிர்ணயம் இந்தப் பாதுகாப்புக்கான சோதனையைத்தான் வகுக்கிறது. ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே, இது கம்பியோடு மட்டும் இயங்குவதா, பேட்டரியோடு தனித்தும் இயங்கும் ஹைப்ரிட் வகையா, கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரவே இயலாத ஆஃப்-கிரிட் வகையா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

பேட்டரியின் அளவைத் தீர்மானிக்கும் முன் நான் செய்த ஒரு வேலை, பின்னால் செலவழித்த எல்லாப் பணத்தையும்விட அதிகம் மிச்சம் பிடித்தது. வீட்டில் நான்கு பழைய மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட் அளவில் ஓடிக்கொண்டிருந்தன. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் அவை மட்டும் 3 யூனிட் எடுக்கும். அவற்றை 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றியதும் அது 1.2 யூனிட்டாகக் குறைந்தது. மிச்சமான 1.8 யூனிட்டைப் பேட்டரியில் சேமித்து வைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நான்கு விசிறிகளின் விலை மிகச் சிறிது. விசிறி, ஃப்ரிட்ஜ், விளக்குகள், தொலைக்காட்சி, வைஃபை எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக்கு இப்போது நாளுக்கு 3 யூனிட் அளவில் போதும். மோட்டார் இதற்கு மேல்.

முதலில், 2019-இல், எல்லோரும் வாங்குவதையே நானும் வாங்கினேன்: ஈய-அமில வகையைச் சேர்ந்த நான்கு டியூபுலர் பேட்டரிகள், ஒவ்வொன்றும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. இவ்வகையில் எக்ஸைட், அமரான், லூமினஸ், லிவ்கார்ட், மைக்ரோடெக் எனப் பெயர்கள் பல. தரத்தில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது என்பது என் கருத்து. பேட்டரியின் மேல் 150 என்று அச்சிட்டிருப்பதோடு நின்றுவிடாமல், அருகில் சி10 என்றிருக்கிறதா, சி20 என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சி10 என்றால் 15 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் கொடுத்து அளந்த கொள்ளளவு. சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் கொடுத்து அளந்தது. வேகமாக எடுக்க எடுக்க ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும் என்பதால், சி20 அளவில் 150 என்று போட்டிருப்பது சி10 அளவில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். சோலாருக்கென்று விற்கப்படுபவை சி10 கணக்கில் வருகின்றன. கடைக்காரர் விலையைக் குறைத்துக் காட்டும்போது இந்த எழுத்தும் எண்ணும்தான் பெரும்பாலும் மாறியிருக்கும். ஐஎஸ் 16270 என்ற தரக்குறியீட்டையும் உடன் கேளுங்கள்.

நான்கு பேட்டரிகளும் சேர்ந்து 7.2 யூனிட் என்று கணக்கு சொன்னாலும், ஆயுள் குறையாமலிருக்க அதில் பாதியைத்தான் அன்றாடம் எடுக்கலாம். எடை இருநூறு கிலோவைத் தாண்டியது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும் முனைகளில் பூத்த உப்பைத் துடைப்பதும் என் வேலையாயின. அந்த வேலையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. என் குறை, எங்கள் பருவத்துக்கு அந்த வேதியியல் ஒத்துவரவில்லை என்பதே. ஈய-அமில பேட்டரி அடிக்கடி முழுமையாக நிறைய வேண்டும். அரைகுறையாகவே கிடந்தால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். முழுமையாக நிறைப்பதற்கோ கடைசிப் பகுதியில் பல மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெயில் இருப்பதில்லை. கரண்ட் போவதும் அப்போதுதான். அதாவது எப்போது பேட்டரி மிகவும் தேவையோ, அப்போதுதான் அது அரைகுறையாகக் கிடந்து கெடுகிறது. போதாக்குறைக்கு மாடிப்படிக்கு அடியில் தகரக் கூரையின் கீழ் வைத்திருந்தேன். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. நான்காம் ஆண்டில் இரண்டு பேட்டரிகள் சோர்ந்தன. ஐந்தாண்டு வாரண்டி என்று விற்றவர், மூன்றாண்டுக்குப் பிறகு விகிதக் கழிவு மட்டும்தான் என்று அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். அது எழுதப்பட்டேயிருந்தது, வாங்கும் நாளில் அவர் அதைப் படித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆயினும் டியூபுலரை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். நான்கு விசிறி, ஆறு விளக்கு மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் ஓடினால் போதும் என்கிற வீட்டுக்கு, பக்கத்துக் கடைத்தெருவிலேயே ஆள் கிடைக்கும் இந்த ஏற்பாடு இன்றைக்கும் நியாயமானது. பழைய பேட்டரிக்கு மாற்று விலையும் தருகிறார்கள், இந்த வசதி லித்தியத்துக்கு எங்கள் ஊரில் இன்னும் வரவில்லை.

அடுத்து லித்தியம். இதில் நிறுவனத்தைவிட வேதியியலை முதலில் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வாங்குவதானால் லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி மட்டுமே என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சூடேறி எரியத் தொடங்கும் வெப்பநிலை அதில் குறைவு. உலகப் பெயர் பெற்ற எல்ஜி நிறுவனத்தின் ரெசு வகை வீட்டு பேட்டரிகளில் சில, தீ அபாயம் கருதி 2020-இலும் 2021-இலும் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டதை நினைவில் வைத்தால், பெரிய பெயர் மட்டும் காப்பாக ஆகாது என்பது விளங்கும். டெஸ்லாவும் தன் வீட்டு பேட்டரியான பவர்வால் 3-இல் எல்எஃப்பி வகைக்கு மாறியிருக்கிறது.

எல்எஃப்பி பேட்டரியின் தனிச்சிறப்பு எங்கள் பருவத்துக்கு நேர் பொருத்தமானது: பாதி நிறைந்த நிலையில் நாட்கணக்கில் கிடந்தாலும் அதற்குக் கேடில்லை. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு பெட்டி 5.12 யூனிட் கொள்ளும். அதில் தொண்ணூறு விழுக்காட்டை அச்சமின்றி எடுக்கலாம். எடை ஐம்பது கிலோவை ஒட்டித்தான். போட்ட மின்சாரத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது என்பது, மேகமூட்ட நாளில் தகடுகள் தரும் ஒன்றிரண்டு யூனிட்டும் வீணாகாமல் இருக்கப் பெரிதும் உதவும்.

ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. சந்தையில் 48 வோல்ட் என்று பொதுவாக அழைக்கப்படும் பெட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. பைலான்டெக் நிறுவனத்தின் யுஎஸ்5000 போன்றவற்றில் 3.2 வோல்ட் செல்கள் பதினைந்து தொடராக உள்ளன, 51.2 வோல்ட் என்று குறிக்கப்பட்டவற்றில் பதினாறு. பதினாறு செல்லுக்குரிய 56 வோல்ட்டை இன்வெர்ட்டரில் அமைத்துவிட்டுப் பதினைந்து செல் பெட்டியை மாட்டினால், செல்லுக்கு 3.73 வோல்ட் விழும். எல்எஃப்பி செல்லின் மேல் எல்லையோ 3.65. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்னும் காவல் சுற்று அப்போது பெட்டியைத் துண்டிக்கும். துண்டித்துத் துண்டித்து இயங்கும் வீட்டில் எந்த நிறுவனத்தின் பொருளும் கெட்ட பெயரே வாங்கும். இதைத் தவிர்க்க, பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரு தகவல் கேபிள் வழியே தமக்குள் பேசிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைப் பேட்டரியே சொல்லும், இன்வெர்ட்டர் அதற்கு அடங்கி நடக்கும். எல்எஃப்பியின் வோல்ட்டேஜ் நடுப்பகுதியில் அசையாமல் நிற்பதால், இந்தக் கேபிள் இல்லாத இன்வெர்ட்டர், பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் விழுக்காடு நம்பத்தக்கதன்று. ஆகவே பேட்டரியைத் தனியாகவும் இன்வெர்ட்டரைத் தனியாகவும் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்வெர்ட்டர் நிறுவனம் தன் ஒத்திசைவுப் பட்டியலில் அந்த பேட்டரி மாடலின் பெயரை எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இணையாகவே தேர்ந்தெடுங்கள்.

இன்வெர்ட்டர்களில் மூன்றைக் கூர்ந்து பார்த்தேன். குரோவாட் எஸ்பிஎஃப் 5000 இஎஸ், 48 வோல்ட், 5 கிலோவாட். தகடுகளை 450 வோல்ட் வரை தொடராக இணைக்கலாம், சோலார் சார்ஜர் உள்ளேயே இருக்கிறது, விலை மூன்றிலும் குறைவு. ஆஃப்-கிரிட் வகையாதலால் மின்வாரியத்துக்கு மின்சாரம் ஏற்றாது. அப்படி ஏற்றியதைக் கட்டணத்தில் கழிக்கும் நெட் மீட்டர் வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது, வேண்டாம் என்பவர்களுக்கு விலைக்கேற்ற நல்ல பொருள். டெய் நிறுவனத்தின் 5 கிலோவாட் ஹைப்ரிட், கம்பிக்கும் ஏற்றும், பேட்டரியிலும் ஓடும்; கரண்ட் போனால் 4 மில்லி நொடியில் மாறிவிடுவதாகக் குறிப்பேடு சொல்கிறது; ஐபி65 உறையென்பதால் தூசிக்கும் சாரலுக்கும் தாங்கும். எந்த நேரத்தில் பேட்டரியை நிறைக்க, எந்த நேரத்தில் எடுக்க என்று நாளை ஆறு கூறாகப் பிரித்து அமைக்கும் வசதியும் உண்டு. சித்தப்பா இப்போது மாற்ற நினைப்பதும் இப்படிப்பட்ட ஒன்றைத்தான். நகரத்து வீட்டுக்கு அதுவே சரி என்று நானும் சொன்னேன்.

நான் வாங்கியது நெதர்லாந்தின் விக்ட்ரான் நிறுவனத்தின் மல்டிபிளஸ்-2, 48/5000. மூன்றிலும் விலை மிகுதி. சோலார் சார்ஜரைத் தனியே வாங்க வேண்டும். அப்படியும் அதை எடுத்ததற்குக் காரணம் மோட்டார். 1 எச்பி என்றால் 746 வாட் என்று ஏட்டுக் கணக்கு. ஓடும்போது அது ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், தொடங்கும் நொடியிலோ ஓடும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து ஆறு மடங்கு கேட்கும். மல்டிபிளஸ்-2-இன் உள்ளே கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. பெட்டியின் எடை முப்பது கிலோ. நொடிப்பொழுதுக்கு 9,000 வாட் வரை கொடுக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய நேர்மையான குறிப்பேடு. 5000 என்பது வோல்ட்-ஆம்பியர் கணக்கு, வாட் கணக்கு அல்ல. 25 டிகிரியில் 4,000 வாட், 40 டிகிரியில் 3,700 வாட், 65 டிகிரியில் 3,000 வாட் என்று வெளிப்படையாக அச்சிட்டிருக்கிறார்கள். சித்திரை மாதத்துப் பட்டுக்கோட்டையில் எனக்குத் தேவைப்படும் எண் 40 டிகிரிக்கு உரியதுதான். பல விலைப்புள்ளிகளில் 25 டிகிரி எண் மட்டுமே இருந்தது. வெப்பத்துக்கான அட்டவணையைக் கேட்டபோது விற்பவர்களில் பலர் அப்படியொன்று இருப்பதையே அறிந்திருக்கவில்லை.

சும்மா இருக்கும்போது இன்வெர்ட்டர் தானே எவ்வளவு தின்னும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. மல்டிபிளஸ்-2-க்கு அது 18 வாட். நாளுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. 60 வாட் தின்னும் ஒரு கருவி நாளுக்கு 1.4 யூனிட்டை விழுங்கும். அது எங்கள் வீட்டின் அன்றாடத் தேவையில் ஏறத்தாழ பாதி. மழைநாளில் தகடுகள் தருவதே அவ்வளவுதான் என்றால், அந்த நாள் முழுவதும் வெயில் இன்வெர்ட்டருக்கே போய்விடும்.

நிறுவியபோது ஒரு தவறு நடந்தது, அதை எழுதினால் பிறருக்குப் பயன்படும். செலவைக் கருதி முதலில் ஒரே ஒரு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பெட்டியை மட்டும் மாட்டினோம். விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடின. அம்மா மோட்டார் சுவிட்சைப் போட்டதும் வீடே இருண்டது. இன்வெர்ட்டர் 9,000 வாட் தரவல்லது என்பது உண்மை. அதற்கு பேட்டரியிலிருந்து 180 ஆம்பியருக்கு மேல் வர வேண்டும் என்பதும் உண்மை. அந்தப் பெட்டியின் பிஎம்எஸ் 100 ஆம்பியருக்கானது. பாதுகாப்புக் கருதி அது துண்டித்துக்கொண்டது. அமைத்துக் கொடுத்தவர் இன்வெர்ட்டரில் கோளாறு என்று அதைக் கழற்றி அனுப்பச் சொன்னார். நான் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்களைக் காட்டிய பிறகுதான் இரண்டாம் பெட்டியை இணையாக மாட்டினார்கள். அன்று முதல் மோட்டார் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. மோட்டார் உள்ள வீட்டில் இன்வெர்ட்டரின் உச்ச வாட்டைப் பேட்டரியின் ஆம்பியரோடு சேர்த்துப் பாருங்கள். ஒன்று மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே நூறு ஆம்பியருக்கு மேல் ஓடுவதால், அந்தக் கேபிளும் முனைகளும் ஃபியூஸும் மலிவாக இருக்கக் கூடாது. ஏசி மின்சாரத்துக்கான எம்சிபியை (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பேட்டரி இருக்கும் டிசி பக்கத்தில் மாட்டுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

தகடுகள் 540 வாட் வீதம் ஆறு. மூன்று தொடராக இரண்டு வரிசை. எதையும் இணைக்காதபோது ஒரு வரிசை காட்டும் திறந்த வோல்ட்டேஜ் 150-ஐ ஒட்டி வருவதால், 150 வோல்ட் சார்ஜரை ஒருவர் பரிந்துரைத்தும் மறுத்து, 250 வோல்ட் தாங்கும் சார்ஜரை வாங்கினேன். நல்ல வெயில் நாளில் கிலோவாட்டுக்கு 4 யூனிட் அளவில் கிடைக்கிறது. பத்து மணிக்குள் தொட்டி நிறைந்து, மதியத்துக்குள் பேட்டரியும் நிறைந்துவிடும். தொடர்ந்து மூடியிருக்கும் நாட்களில், மோட்டாரை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, மிச்சத்தை இரவுக்கு வைத்துக்கொள்கிறோம். ஒரு நாளைக்குத் தேவையானதைப்போல் மூன்று மடங்கு பேட்டரியில் இருப்பதால் இரண்டு நாள் வெயிலே இல்லாமலும் தள்ள முடிகிறது.

பணம் மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன்: பேட்டரியால் ஆகாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீட்டு இணைப்புகளுக்கு இலவசம். எங்களைப்போல் அளவாகச் செலவழிக்கும் வீட்டில் மின்கட்டணத்தைக் குறைத்து பேட்டரியின் விலையை மீட்க வாழ்நாள் போதாது. கட்டணம் குறைவதே நோக்கமென்றால், 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியத்தோடு, கம்பியோடு இணைந்த எளிய ஏற்பாட்டைப் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் வாங்கியது கரண்ட் இல்லாத வாரங்களுக்கான தண்ணீரை. அதன் விலையை அந்தக் கணக்கில்தான் நான் எழுதிக்கொண்டேன்.

சர்வீஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு மிக அருகில் விக்ட்ரான் தெரிந்த ஆள் திருச்சியில்தான் இருக்கிறார். டியூபுலர் பேட்டரிக்கோ பத்து நிமிடத்தில் ஆள் வருவார். இந்தத் தொலைவை ஈடுகட்டுவது, அந்த நிறுவனம் எல்லாக் கையேடுகளையும் அமைப்பு முறைகளையும் பொதுவில் வைத்திருப்பதும், இணையம் வழியே தொலைவிலிருந்தே பார்த்துத் திருத்த முடிவதும்தான். பத்தாண்டு வாரண்டி என்ற வாசகத்தில் மட்டும் மயங்காதீர்கள். ஒரு காலத்தில் நாடெங்கும் கடை விரித்திருந்த சு-காம் இன்வெர்ட்டர் நிறுவனமே 2018-இல் நொடிப்பு நடைமுறைக்குள் போனது. வாரண்டி தருபவர் இறக்குமதியாளரா, உற்பத்தியாளரா, பழுதான பெட்டியை அனுப்பும் செலவு யாருடையது, மாற்றுப் பெட்டி வரும்வரை வீடு எதில் ஓடும் என்பவற்றை எழுத்தில் கேட்டால், பாதிப் பெயர்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிடும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்று, அமைப்பில் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதி, மெழுகுத்தாள் சுற்றி, வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியின் கதவுக்குள் ஒட்டினேன்: செல்கள் 16, நிறையும் வோல்ட்டேஜ் 56.0, நிலைநிறுத்தம் 54.0, நிறுத்தம் 48.0, ஏற்றும் ஆம்பியர் 100-க்கு மேல் கூடாது. அதற்குக் கீழே அம்மா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: மோட்டார் போடும்போது மிக்ஸி போடக்கூடாது.